நகத்தில் பூசியது கண்ணில் வந்தது

11-6-1979, திங்கள். சித்தூர்

முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாக நகப்பூச்சு வாங்கினேன். ரோஸ் கலர். ஆபீசில் பக்கத்து மெஷினில் டைப் அடிக்கும் வெங்கடலட்சுமிதான் காரணம். "பொண்ணு பாக்க வர்றவங்க, காப்பி குடுக்கறப்போ கையத்தானக்கா மொதல்ல பாப்பாங்க" என்றாள். நியாயம்தான். முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இதுவரை நான்கு பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை. ஐந்தாவது ஆள் கையைப் பார்க்கட்டும்.

நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னாம்மா தபீதா, பத்து வெரல்லயும் அடிபட்டுக்கினியா?"

16-6, சனி

கண்ணிமை இரண்டும் அரிக்கின்றன. புது சோப்பாக இருக்கும். மாற்றியாயிற்று.

20-6, புதன்

சோப்பு இல்லை. கண்மையை விட்டேன். கருவாட்டை விட்டேன். கத்தரிக்காயை விட்டேன். இமை தடித்து, தோல் உரிகிறது. முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்த நைனா எந்த வியாதிக்கும் போரிக் பவுடர் போட்ட வெந்நீரைத்தான் நம்புவார். காலையும் மாலையும் ஒற்றடம் கொடுக்கிறார்.

டைப் அடித்து அடித்து நகத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. கண்தான் இந்த லட்சணம், கையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பூசிக்கொண்டேன்.

24-6, ஞாயிறு

வந்தார்கள். போனார்கள்.

பெயர் எர்னஸ்ட். பாகாலாவில் ரயில்வே கார்டு. நாற்பது வயது. மனைவி இறந்து ஐந்து வருடம். கூட அக்கா ஞானம்மாள். நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன் — கண் இருந்த இடத்தில் இரண்டு பணியாரம். ஞானம்மாள் தம்பியைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார். என் கையை யாரும் பார்க்கவில்லை.

அக்காவும் நைனாவும் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தாழ்ந்த குரலில், "இஷ்டம் இல்லேன்னா பயப்படாம சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். அந்த நேரம் பார்த்து எரிச்சலில் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. தலையை ஆட்டினேன். இல்லை என்றா, ஆமாம் என்றா? எனக்கே தெரியவில்லை.

நல்ல மனிதராக இருந்தார். அதுதான் எரிகிறது.

29-6, வெள்ளி

பாகாலாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. 'பெண் அழுது முகம் வீங்கியிருந்தது. விருப்பமில்லாதவரை வற்புறுத்துவது கர்த்தருக்குப் பிரியமாகாது. மன்னிக்கவும்.'

நைனா மத்தியானம் சாப்பிடவில்லை. "நான் உன்ன வற்புறுத்துனேனாம்மா? அம்மா இல்லாத பொண்ணாச்சேன்னு கேட்டுக் கேட்டுத்தானே எல்லாம் செய்யறேன்?" என்றார். இல்ல நைனா, இல்லவே இல்ல என்று எத்தனை முறை சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

1-7, ஞாயிறு

என் மனத்துயரம் நீங்கக் கோயில் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் செய்தார்களாம். எனக்கு இப்போது துயரமும் இருக்கிறது. அரிப்பும் இருக்கிறது.

4-7, புதன். திருப்பதி போய் வந்தேன்

தோல் டாக்டர் ஆதிநாராயணன். கண்ணைக் காட்ட உட்கார்ந்தால், "ஏம்மா, கையச் சாப்பு" என்று தெலுங்கு கலந்து கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பத்து நகங்களையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எப்போ இருந்து?"

நகப்பூச்சு பளபளப்பாகப் பிடித்துக்கொள்ள ஒரு பிசின் சேர்க்கிறார்களாம். ஃபார்மலினை வைத்துச் செய்வது. ஃபார்மலின்! காலேஜில் தவளையை ஊறப்போட்ட அதே தண்ணீர்! நகம் கெட்டி, அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கையால் முகத்தைத் தொடுகிறோம். இமைத்தோல் மெல்லிசு, முதலில் அதுதான் கத்துகிறது. எல்லோருக்கும் இப்படி வராது, சிலருக்குத்தான் என்றார். நாலு பேர் பார்த்து வேண்டாமென்றபோது கிடைக்காத தனிச்சிறப்பு, இதில் கிடைத்துவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள, என் கைப்பையில் இருந்த அதே பூச்சை முதுகில் ஒரு பொட்டு வைத்து மூடி அனுப்பினார்.

6-7, வெள்ளி

மறுபடி திருப்பதி. முதுகில் எட்டணா அளவுக்குச் சிவந்து கொப்பளம். சந்தேகமே இல்லை. "நகம் நகமாவே இருக்கட்டும்மா. ஆசையா இருந்தா மருதாணி, இலையா அரைச்சது. கறுப்பாப் பிடிக்கும்னு விக்கிற தூள் வேணாம், அதுல சாய மருந்து கலப்பாங்க" என்றார் டாக்டர்.

7-7, சனி

புட்டியை ஆபீசில் வெங்கடலட்சுமியிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, நாக்கு மூணு வருஷமா ஏம் காலேதுக்கா!" என்றாள், பதற்றத்தில் தெலுங்கு வந்துவிட்டது. அவளுக்கு மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லையாம். சொல்லிவிட்டு, மத்தியானம் வரைக்கும் இமையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

19-7, வியாழன்

கண் கண்ணாக ஆகிவிட்டது. அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்று நான் அழவில்லை, நகப்பூச்சு...' கிழித்தேன். 'ஃபார்மலின் என்றொரு பொருள்...' இதையும். எந்த ஆண்பிள்ளை நம்புவான்? நானே நம்பமாட்டேன்.

22-7, ஞாயிறு

கோயிலுக்கு என்று கிளம்பியவள் ஸ்டேஷனுக்குப் போய் பாகாலா வண்டியில் ஏறிவிட்டேன். என்ன துணிச்சல்! பாகாலாவில் விசாரித்தால், திருப்பதி பாசஞ்சருக்கு அவர்தான் கார்டு, வண்டி புறப்படப்போகிறது என்றார்கள். பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். பச்சைக் கொடியோடு நின்றவர் என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"நீங்களா? வீட்ல எதுனா பிரச்சினையா?"

"அன்னிக்கு நான் அழலீங்க. நகத்துக்குப் பூசின கலர் ஒத்துக்காம கண்ணு வீங்கிடுச்சு. எங்க நைனா யாரையும் வற்புறுத்தல." மூச்சு வாங்கியது. மூன்று வாக்கியம் ஒப்பிப்பதற்குச் சித்தூரிலிருந்து வந்திருக்கிறேன்.

அவர் என் வெறும் நகங்களைப் பார்த்தார். "யாருக்காகப் பூசினீங்க?"

"அன்னிக்கு யாருங்க வந்தாங்க?"

எஞ்சின் ஊதியது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார். இவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், ஊதவில்லை. வண்டி மூன்று நிமிடம் தாமதம். காரணம் என்ன எழுதினாரோ!

26-8, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையைச் சபை முன் வாசித்தார்கள். நைனா பகலில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

12-11, திங்கள். பாகாலா

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லட்சுமம்மா மருதாணி பறித்துக் கொடுத்தாள். அம்மியில் அரைத்து இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். டூட்டி முடிந்து இவர் சீக்கிரமே வந்து கதவைத் தட்டினார். தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

"ஏங்க, கையில மருதாணி. இருங்க, கழுவிட்டு வந்து திறக்கறேன்."

"கழுவாத. இன்னும் எவ்ளோ நேரம் வைக்கணும்?"

"ஒரு மணி நேரம். பசிக்கலியா உங்களுக்கு?"

"பசிக்குது. இருந்துகினு போவுது" என்றார்.

அந்தப் பக்கம் கதவில் முதுகைச் சாய்த்து உட்காரும் சத்தம் கேட்டது. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பேசினோம்.