அண்ணா, உன் வயரையெல்லாம் இறக்குகிறேன்

எந்த உலகத்துக் கம்பத்தில் ஏணி சாய்த்து நிற்கிறாயோ, இதைக் கேட்டுவிட்டு அப்புறம் ஏறு, என் லூர்து அண்ணா,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ராயபுரத்தில் என்ன சேதி என்று கேட்பாய். சேதி ஒன்றுதான். உன் தெருக்காரர்கள் நீ கொடுத்த கேபிள் டிவி லைனை விட்டுவிட்டார்கள். கடைசி வீடு வரைக்கும் விட்டாயிற்று. இதை உன்னிடம் அழுதுகொண்டு சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அவர்கள் விட்ட லட்சணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நாங்கல்லாம் டிவியே பாக்கறதில்லமா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், ஏதோ குடியை விட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அதைச் சொல்லும்போதே உள்ளே அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் ஒரு மாமியார் மருமகளை அறைந்துகொண்டிருப்பாள். ஒருத்தி, "புள்ள படிப்பு கெட்டுப்பூடுது ஸ்டெல்லா" என்றாள். அவள் பிள்ளைக்கு மீசை முளைத்து, கல்யாணமாகி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். இன்னும் என்ன படிக்கப் போகிறான்?

டிவிக்கு வைத்த கேபிள் பொட்டியைத் திருப்பிக் கொடுத்ததாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? ஒரு வீட்டில் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் மீன் வாங்கும் பையில் போட்டு, என் வாசலில் வைத்துவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் குப்பை வண்டியில் போட்டார்கள். நீ ஒவ்வொரு பொட்டிக்கும் பின்னால் வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதுவாயே, அந்த நம்பரெல்லாம் இப்போது கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் புகைந்துகொண்டிருக்கின்றன.

நீ மட்டும் என்ன யோக்கியம்? உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருமுனையில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையும் சங்கிலியுமாக உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கும்பிடு வாங்கினாய். உன்னைக் கிண்டல் செய்தான் என்பதற்காக ஒரு சலூன்காரனுக்கு மேட்ச் நடுவில் லைனைப் பிடுங்கிவிட்டு, அவன் ஓடிவந்து கெஞ்சியதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். வஞ்சிரத் தலை வீடு தேடி வந்தது. "ஜனங்களுக்கு எம்மேல எவ்ளோ பாசம் பாத்தியா?" என்பாய். பாசமா? அவர்கள் கும்பிட்டது உன் கையிலிருந்த வயரை.

அந்த வயரில் வந்ததுதான் என்ன? பாதிச் சேனலில் ராசிக்கல் விற்றார்கள். மீதிச் சேனலில் நாலு பேர் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். அதற்கு நீ பட்ட பாடு! பெருமழையில் முழங்கால் தண்ணீரில் நின்று அறுந்த வயருக்கு ஜாயிண்ட் போட்டாய். நான் முன்னறையில் போன் பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துடும்மா, அண்ணன் கம்பத்துலதான் கீறாரு" என்று இருபது வருடம் ஒரே பொய்யைச் சொன்னேன்.

இதில் நான் என்ன ஒசத்தி? உன் கடைசி வருடத்தில், நம் கண்ட்ரோல் ரூமில், உன் மானிட்டர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அதில் ஓடிய அதே சீரியலை நான் காதில் வயரை மாட்டிக்கொண்டு போனில் பார்த்தேன். போனில் விளம்பரம் கிடையாது, அதனால்தான். நீ டீ குடிக்க உள்ளே வந்தவன் என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாய். நான் போனைக் கவிழ்த்தேன். "சவுண்டு நல்லா கேக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாய். நீ திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

சரி, கடைசி வீட்டுக்கு வருகிறேன். நம் நூர்ஜகான் அக்கா வீடு. அவள் புருஷன் காதர் பாய், துறைமுகத்தில் மூட்டை சரிந்து முதுகு போனதிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். அக்கா வண்ணாரப்பேட்டையில் துணி தைக்கிற இடத்துக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறாள். தெருவே விட்டபிறகும் அவள் மட்டும் லைனை விடவில்லை. நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "மனுஷின்னா அவதான். நீங்கல்லாம் இன்னா ஜென்மம்?" என்று கடைத்தெருவில் வைத்தே கேட்டேன்.

முதலில் விட்டவன் யார் தெரியுமா? உன் உயிர்த் தோஸ்து, தாஸ் அண்ணன். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நீ கேபிள் ஆரம்பித்த நாளிலிருந்து ஓசி லைன் அனுபவித்தவர். உன் நாற்பதாம் நாள் பூசைக்குச் சர்ச்சுக்கு வந்தார். மறுநாள் அவர் வீட்டில் இன்டர்நெட்காரர்கள் ஏணி சாய்த்திருந்தார்கள். ஒரு நாள், அண்ணா! நாற்பத்தொன்றாம் நாள்!

அதற்கப்புறம் அவர் சின்ன மகள் நிச்சயத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சுவரில் நீ அடித்திருந்த கொக்கி பெயிண்டுக்கு இடைஞ்சலாம். பிடுங்கிப் போட்டார்கள். அதில் கட்டியிருந்த உன் கறுப்பு வயர் தெருவுக்குக் குறுக்கே தொய்ந்தது. ஐஸ் லாரி ஒன்று அதை இழுத்துக்கொண்டு போக, இன்னும் கீழே இறங்கிவிட்டது.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நூர்ஜகான் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஸ்டெல்லா, தாஸ் வூட்டாண்ட வயரு தொங்கினு கீது. யாருனா வந்து தூக்கிக் கட்டுங்க. யாருக்குனா பட்டுறப் போவுது."

"அது செத்த லைன்க்கா. அவங்கதானே வேணாம்னு தூக்கிப் போட்டாங்க, அவங்களே கட்டிக்கட்டும்."

"இல்ல ஸ்டெல்லா, கழுத்து ஒசரத்துக்கு கீது."

"கெடக்கட்டுமே. எவனாவது ஒருத்தன் மாட்டிக்கினு பல்டி அடிச்சாத்தான் நம்ம அருமை தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன், அண்ணா. போனை வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சீரியலைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அலறல் கேட்டது. ஓடினேன். அதே இடம். வேலைக்குப் போகிற அவசரத்தில் எதிர்வெயிலில் வந்திருக்கிறாள், வயர் கண்ணில் படவில்லை. ஸ்கூட்டி ஒரு பக்கம், சாப்பாட்டு டப்பா ஒரு பக்கம், தரையில் நூர்ஜகான் அக்கா. கழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போல் தோல் கிழிந்திருந்தது. வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை.

தெருவே கூடி நின்றது. நடுவில் தாஸ் அண்ணன் நின்று, "கேபிள்காரங்க வயரு இது. அவங்களப் போய் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கேபிள்காரங்களாம்!

"கொக்கியப் புடுங்கினது யாரு?" என்று கேட்டேன்.

"செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சோம்மா. லைன்தான் செத்துப் பூட்சே, அத்த இன்னாத்துக்குக் கட்டி வெக்கணும்?"

அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட வாயைத் திறந்தேன். செத்த லைன். இரண்டு நாள் முன்னால் என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. அக்காவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அங்கே ஏதோ பார்க்க இருக்கிற மாதிரி.

பிழைத்துவிட்டாள். பயப்படாதே. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது, கழுத்தில் தையல் போட்டார்கள். குரல்தான் இன்னும் சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சியைக் குடித்துவிட்டு, கரகரவென்று சொன்னாள்:

"பொட்டிய வந்து எடுத்துக்கோ ஸ்டெல்லா. இனி வேணாம்."

"பாய்க்குப் பொழுது போவணுமே, அக்கா?"

"உங்க அண்ணன் பூட்டப்புறம் நாங்க டிவியே போட்டதில்ல. ஒரு தபாகூட."

எனக்குப் புரியவில்லை. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நீ வாரா வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய், காதர் பாய் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவாயாமே? அவருக்கு முகச்சவரம்கூடச் செய்துவிடுவாயாமே? பரிதாபப்பட்டு வருகிறான் என்று பாய் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, "டிவி தெரியலன்னு எங்க ஸ்டெல்லாகிட்ட ஒரு கம்ப்ளைண்ட் குட்துடு, அப்பால நா வர்றேன்" என்று அக்காவுக்கு நீயே சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கம்ப்ளைண்டுகளை வாரம் தவறாமல் எழுதியவள் நான்தான். "இந்த வீட்டுல மட்டும் எப்பப் பாரு பேஜாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். உன் கும்பிடு, வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் பார்த்து உன்னை அளந்து வைத்திருந்தேனே, இதை மட்டும் ஏன் எனக்குக் காட்டவில்லை?

"அவரு நெனப்புக்குத்தான் லைன வெச்சினு இருந்தேன்" என்றாள் அக்கா. நான் எழுந்து டம்ளரைக் கழுவப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீ அன்னிக்கு போன்ல சொன்னது எனக்கு நாபகம் கீது. கோவத்துல சொன்னே. இன்னொரு தபா யாருக்கும் அப்பிடிச் சொல்லாத."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஊரில் ஒருத்தர் பாக்கி விடாமல் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அன்று ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது எனக்கு என்னைத் தவிர இளக்காரம் செய்ய ஆளே கிடைக்கவில்லை.

மறுநாள் உன் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, ஆம்பளைங்க யாரும் இல்லியா? நீ ஏறப் போறியா?"

"ஆமா. தெறங்க."

"ஏறு, வேணாங்கல. ஆனா எங்க வைஃபை வயரு லூர்து வயருமேலதான் சுத்தி கீது. அத்த அறுத்துட்டின்னா வூட்ல கலாட்டா ஆயிடும். மருமவன் ஆபீஸ் வேலை அதுலதான் பாக்கறாரு."

கேட்டாயா, அண்ணா? நீ செத்தபிறகும் உன் முதுகில்தான் ஏறிப் போகிறார்கள். புதுசாக ஒரு கம்பி கட்டக்கூடத் துப்பில்லை. நூர்ஜகான் அக்கா எப்படி இருக்கிறாள் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைஃபை!

ஏறினேன். ஐம்பத்துமூன்று வயதில் முதல்முறையாகக் கைப்பிடிச் சுவரில் கால் வைத்தேன். நீ இதை வெறும் கையோடு எத்தனை வருடம் செய்தாய்? உன் வயர் தடியாக, பிசுபிசுவென்று, காக்கை எச்சத்தோடு கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாக அவர்களுடைய வயர். இரண்டையும் சேர்த்து ஒரே நறுக்கு. ஒரு நொடி போதும். பிளேயரின் வாயை வைத்தும் விட்டேன். கீழே தாஸ் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றார். எனக்கா சொன்னார்? வயருக்குச் சொன்னார்.

அறுக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்து, அந்த மெல்லிய வயரை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, நகம் பிய்ந்தது. அதைத் தனியாகத் தூக்கி, ஒரு கம்பியில் உயரக் கட்டினேன். அவருக்காகக் கட்டவில்லை. அது தொங்கினால் இன்னொரு கழுத்து. அதன்பிறகு உன்னுடையதை வெட்டினேன். தெருவில் பொத்தென்று விழுந்தது. தாஸ் அண்ணன் துள்ளி விலகினார். அதைப் பார்த்து நான் சிரித்ததை மறைக்கமாட்டேன்.

அவரை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. மன்னிக்கும் அளவுக்கு நான் நல்லவள் ஆகிவிட்டேன் என்று நினைத்து ஏமாறாதே. மீன் பையில் பொட்டி போட்டவளை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிகிறது. எரியட்டும். ஆனால் அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு தெரு முடிந்துவிட்டது. இன்னும் நாலு தெரு இருக்கிறது, அப்புறம் மீன்பிடித் துறைமுகம் போகிற வழி. ஒவ்வொரு வீடாகப் போய் மாடிச்சாவி கேட்கிறேன். காக்க வைக்கிறார்கள், நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுவதில்லை, அன்று காதர் பாய்க்குச் சவரம் செய்ய நான் போகிறேன். கைக்குப் பழக்கமில்லாமல் இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். "உங்க அண்ணன் கையி வராதும்மா உனக்கு" என்றார்.

மழை பிடிப்பதற்குள், நீ கட்டிய கடைசிக் கஜம் வரைக்கும் நானே இறக்கிவிடுவேன். உன் வயரில் இனி யார் கழுத்தும் மாட்டாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கம்பம் ஏறக் கற்றுக்கொண்ட உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா