கொத்தாத கோழி

என் சுமதிக்கண்ணு,

சிரிப்பதானால் சிரித்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்பக்கம் உன் செவலைக் கோழியைப் பக்கெட் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன். லுங்கி அவிழ்ந்துவிட்டது. இரண்டு கையிலும் கோழி. எதைப் பிடிப்பது, எதை விடுவது? எதிர் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பருத்திப்பட்டில் இனி நான் குனிந்துதான் நடக்க வேண்டும்.

ஏன் முக்கினேன் என்கிறாயா? நாலு நாளாக முட்டை இல்லை. கூண்டு மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. அடைகாக்க உட்கார்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அடை தெளிந்து மறுபடி முட்டையிட நீ மூன்று முக்கு முக்குவாயே, அதைப் பார்த்த தைரியம். பத்தாவது பெயிலானவன் கோழி டாக்டர் ஆகிவிட்டேன்.

“இன்னாப்பா பண்ற?” நம் கவிதா ஓடி வந்தாள்.

“அடை தெளிய வைக்கிறேன்மா. உங்கம்மா டெக்னிக்.”

“அம்மா முக்கும்போது அது கத்தும்பா. ரெக்கையால அடிக்கும். இது கண்ணையே தொறக்கல.”

கோழியைப் பிடுங்கித் துண்டில் சுற்றினாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

“எச்சம் எப்படிப் போவுது?” என்றார் டாக்டர். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“பச்சையா, தண்ணியா போவுது சார். மூணு நாளா” என்றாள் கவிதா.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன்பா. அடைனா அப்டித்தான் இருக்கும்னு நீதான் சொன்ன.”

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “அடைக்கோழி கிட்ட கையைக் கொண்டு போனா சிலுத்துக்கினு கொத்த வரும்ங்க. கொத்தலன்னா அது சீக்குக் கோழி. அதைப் போய் நனைச்சிருக்கீங்க.” கழிச்சல் நோய் மாதிரி இருக்கிறது, பிழைப்பது கஷ்டம் என்றார். தனியாக, சூடாக வைக்கச் சொன்னார். மற்ற இரண்டு கோழிகளையும் கிட்டே விடாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள் என்றார்.

அட்டைப்பெட்டிக்கு மேலே குண்டு பல்பு தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டு முருகன் எட்டிப் பார்த்து, “சாவறதுக்குள்ள அறுத்துடு அண்ணாத்தே, கொழம்பாவது ஆவும்” என்றான். கவிதா பார்த்த பார்வையில் அவன் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

உன் கையால் குருணை போட்டு வளர்த்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்ற இரண்டும் நீ போன பிறகு நான் வாங்கியவை. கவிதா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இதாவது பொழைக்குமாப்பா?”

அடுத்த நாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அதற்கு மறுநாள் காலையில் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது. ஆழமாகக் குழி தோண்டினேன். கவிதா சுண்ணாம்பு போட்டாள். அழவில்லை. மற்ற இரண்டும் இதுவரை நன்றாகத் தீனி தின்கின்றன. தினமும் காலையில் அவள் முதலில் பார்ப்பது எச்சத்தைத்தான்.

குழியை மூடிவிட்டுக் கை கழுவும்போது கேட்டாள்: “உனக்கு ஏம்ப்பா வித்தியாசம் தெரியல?”

“உங்கப்பன் ஒரு மக்குமா” என்றேன். கொஞ்சம் சிரித்தாள். நானும் அதோடு தப்பித்துக்கொண்டேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். தினமும் என்னைத் திட்டுகிற கவிதா ஒரு நாள் திட்டாமல் இருந்தால், அன்றைக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னம்மா என்று கேட்பேன்.

அவளிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான். போன வருஷம் நீயும் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தினாய். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் ஒரு சொல் இல்லை. சுவர் ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றி நாள் கடந்திருந்தது. அந்த ஒரு மாதமும் நான் கம்பெனியில் எல்லோரிடமும், வீட்டில் இப்போதுதான் நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்காரன்,
கவிதாவின் அப்பா