முதல் பக்கத்துப் பெயர்

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து காற்று. தூறல் இல்லை. ஐந்தரைக்கு வேன் ஏறிச் சென்னை. பேத்தியின் டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு.

இருந்தவர்கள்: நான். மகன் ஏகாம்பரம். மருமகள் சுமதி. பேத்தி. பேத்தியின் கைடு மேடம் (பருத்திப் புடவை, பெரிய பொட்டு). கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்த கண்ணாடிக்காரர். பின்வரிசையில் படிக்கிற பெண்கள் ஒன்பது, பையன்கள் நாலு. டீ கொண்டுவந்த அம்மா. வேறு யாரும் இல்லை. பின்னால் எவளும் வந்து நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லக் கூடாது.

பேத்திக்கும் என் பெயர்தான். கனகவல்லி. மாமியார் பெயரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது என்று சுமதி 'பாப்பா' என்றாள். இருபத்தொன்பது வயதிலும் பாப்பா.

படிப்பு, பண்பாட்டு ஆய்வாம். விமர்சனக் கோட்பாடாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஐந்து வருஷமாக லீவுக்கு லீவு வந்து, போனை என் மடியில் வைத்து, "சொல்லு ஆயா" என்றாள். சொன்னேன். பாவு பிணைத்த கதையையும் சொன்னேன். பெற்ற மகனிடம்கூட முழுசாகச் சொல்லாதது.

தறியில் ஒரு பாவு, நெடுக்கே ஓடுகிற நூல், தீர்ந்தால் பழைய நுனியோடு புது நுனியைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். இழை இழையாக, ஆயிரக்கணக்கில். ஏகாம்பரம் அப்போது வயிற்றில் ஏழு மாதம். கோயிலுக்குப் போகிற புடவை. கூடப் பிணைக்க வேண்டிய ஓரகத்தி அம்சவேணி வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் படுத்திருந்தாள். (இனி அ. முழுசாக எழுத மை வீண்.) மூன்று நாள், நான் ஒருத்தி. ஓர் இழை அறவில்லை. நாலாம் நாள் கோயில்காரர்கள் வந்து, "யாரும்மா பிணைச்சது?" அப்போதுதான் பஸ் இறங்கி வந்த அ., கை கூடக் கழுவாமல், "நான்தான்." மாமியார் வாயைத் திறக்கவில்லை. பூவும் ரவிக்கைத் துண்டும் அவளுக்கு. ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ரவிக்கைத் துண்டு கிளிப்பச்சை.

பாப்பா சொன்னாள்: "உன் பேரு புக்குல முதல் பக்கத்துலயே இருக்கும் ஆயா." அந்தச் சொல்லுக்காகத்தான் சொன்னேன்.

இன்று ஹாலில் கண்ணாடிக்காரர் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். நடுவில் 'அம்சவேணி'. காது மந்தம் என்று நினைத்தேன். மறுபடி: "ஏழு மாத வயிற்றோடு மூன்று நாள் பாவு பிணைத்த அம்சவேணி." பாப்பா எழுந்து, அம்சவேணிக்கு ஏஜென்சி இருக்கிறது என்றாள். எல்லாரும் தலை ஆட்டினார்கள். அ.வின் மகன் செவிலிமேட்டில் கேஸ் ஏஜென்சியில் வேலை. அது இவர்களுக்கு எதற்கு?

ஏகாம்பரம் தரையைப் பார்த்தான். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடுவேனோ என்று. எழவில்லை. பிள்ளையின் பரீட்சை.

கைதட்டல். சமோசா. சாப்பிடவில்லை.

ஆடி 6, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கணும். பாப்பா பத்து மணிக்கு எழுந்தாள். காபி ஆறும்வரை பொறுத்தேன்.

"என் பாவை எதுக்குடி அவளுக்குக் குடுத்தே?"

"யாருக்கு ஆயா?"

"செவிலிமேட்டாளுக்கு!"

பாப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவளுக்கு அ. எப்போதும் 'செவிலிமேட்டு ஆயா'. எனக்கு 'அவ', 'அந்த மகராசி'. ஏகாம்பரத்துக்குச் சித்தி. பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. சொல்ல விட்டதில்லை நான்.

"ஐயோ, அவங்க பேரு அம்சவேணியா?" தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேட்டி குடுத்தவங்க பேரை மாத்தணும்னு ரூலு ஆயா. நீ கையெழுத்துப் போட்டியே, அதுலயே இருந்துச்சு. உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான்."

"யாருகிட்டேர்ந்து?"

பாப்பா டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தாள்.

"சரி, அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னது?"

"நீதான் ஆயா."

போனில் போட்டுக் காட்டினாள். என் குரல்தான். பாப்பா: "உனக்கு வேற பேரு ஒண்ணு வெக்கணும், இன்னா வெக்கட்டும்?" நான்: "எதுனா வெச்சிக்கோ." பாப்பா: "இல்ல, நீயே சொல்லு." குக்கர் விசில். பிறகு நான், எழுத்துக் கூட்டி: "அம்...ச...வேணி."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எது இல்லை? அன்று வியாழன். அ. பேரனின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது, கவனமெல்லாம் அதில். சமையலறையிலிருந்து சுமதி, "யாரு வீட்டுப் பத்திரிகை அத்தை?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னேன். போனில் சுமதியின் கேள்வியை விசில் தின்றுவிட்டது.

பாப்பா சிரித்தாள். நானும் கொஞ்சம்.

ஏஜென்சி என்றால் என்ன என்றேன். "சிலிண்டர் இல்ல ஆயா! நம்மளா ஒண்ணு முடிவு பண்ணி செய்யற தெம்பு."

"அது எனக்கு இருந்துச்சு. அவளுக்கு எதுக்குடி?"

கட்டிக்கொண்டாள். கடைசிப் பிரதி இன்னும் பைண்டுக்குப் போகவில்லையாம். கண்ணாடிக்காரர் சொன்ன திருத்தங்களோடு இதையும் மாற்றிவிடுவாளாம். கமிட்டியிடம் கேட்டு என் சொந்தப் பெயரே. "சத்தியமா?" "சத்தியமா ஆயா." என் கைமேல் கை வைத்துச் சொன்னாள்.

மதியம் பஸ்ஸில் அனுப்பி வைத்தோம். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, என் பழைய சால்வை.

ஆடி 8, வியாழன்

தைலம் வந்தது, வேறு கம்பெனி. வாசம் சரியில்லை.

பாப்பாவுக்குப் போன். "மாத்திட்டியா?" "ஆச்சு ஆயா, ஆச்சு. கிளாஸ்ல இருக்கேன்." வைத்துவிட்டாள்.

நல்ல தூக்கம்.

ஆடி 11, ஞாயிறு

அம்மன் கோயிலில் கூழ். வெயில், பந்தல் சின்னது. சொம்பு எடுத்துப் போனேன். கூழில் உப்பு குறைச்சல்.

வரிசையில் எனக்கு முன்னால் அ. எழுபத்தைந்து வயதில் கனகாம்பரம்.

"இன்னாக்கா, நம்ம பாப்பா டாக்டராமே! என் பேரை வெச்சி டாக்டராமே!"

யார் சொன்னது? ஏகாம்பரம். தமாஷாகச் சொன்னானாம், சித்தியிடம். அவனை மறக்க மாட்டேன்.

"பாவு நான்தான் பிணைச்சேன்னு அன்னிக்கே சொன்னேன், நீதான் ஒத்துக்கல. இப்போ பாரு, யூனிவர்சிட்டியே சொல்லிக்கினு இருக்குது!"

தெருவே சிரித்தது. கூழ் ஊற்றுகிறவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

நான் சொம்பைக் கீழே வைத்தேன். "அது தப்பா விழுந்துச்சு, மாத்தியாச்சு. இப்போ கனகவல்லின்னு இருக்குது. புக்கு வரும். வந்ததும் இதே இடத்துக்கு எடுத்தாறேன். நீயும் வா, உன் மருமவளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளு."

அ. முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு சொம்பு குடித்தேன்.

ஆடி 13, செவ்வாய்

புழுக்கம். மோர் புளித்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கூரியரில் புத்தகம். கறுப்பு அட்டை, நல்ல கனம். அட்டையில் பொன்னெழுத்து. எனக்கு இங்கிலீஷ் வராது, ஆதார் கார்டு வரும். கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்தேன். கனகவல்லி. அதே எழுத்துகள். முதல் பக்கத்திலும். அட்டையை முந்தானையால் துடைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஏகாம்பரத்திடம், "கோயிலாண்ட போவணும், வேட்டி மாத்து" என்றேன்.

"அம்மா," என்றான். "அது பாப்பா பேரும்மா. எழுதினவங்க பேரு."

அவன் பேச்சை நம்புவதாக இல்லை. பீரோவிலிருந்து அ. வீட்டுப் பத்திரிகையை எடுத்தேன். நாங்கள் போகாத கல்யாணம். பெரியவர்கள் பட்டியலில் என் பெயரை விட்டிருந்தார்கள், சாட்சிக்கு வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். அ. பெயர் எட்டு எழுத்து. முதலில் கூடாரம் மாதிரி, கடைசியில் புள்ளி வைத்த குச்சி. பத்திரிகையை இடது கையில் பிடித்து, வலது விரலைப் புத்தகத்தில் வைத்து, வரி வரியாகப் போனேன். பழைய நுனி, புது நுனி. இந்த வேலை எனக்குப் புதுசு இல்லை.

மூன்றாவது அத்தியாயம் தொடங்குகிற இடத்தில் கிடைத்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு. அதற்கடுத்த பக்கத்தில் நாலு. கூடாரம், குச்சி. கூடாரம், குச்சி. சுமதி வந்து, "போதும் அத்தை" என்று புத்தகத்தை மூடினாள். திறந்தேன். கடைசிவரை பார்த்தேன். சாதம் ஆறிப்போனது.

பாப்பாவுக்குப் போன்.

"ஆச்சுன்னியே?"

"மாத்தத்தான் ஆயா பார்த்தேன். மேடம் ஒத்துக்கல. அந்தப் பேருல கட்டுரை வேற வந்துடுச்சி. திருப்பி ஆரம்பிச்சா வேலைக்கு மனு போட முடியாது. நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல." அப்புறம், "படிக்கிறவங்களுக்கு எந்தப் பேரா இருந்தா இன்னா ஆயா? பேரு முக்கியமில்ல, நீ செஞ்சதுதான் முக்கியம்."

"அப்போ உன் பேரை எதுக்குத் தங்கத்துல போட்டே?"

 சின்னக் குரலில், சின்ன வயதில் சர்க்கரை டப்பாவோடு பிடிபடும்போது வருகிற குரல்: "சொன்ன மாதிரி முதல் பக்கத்துல கனகவல்லின்னுதானே ஆயா இருக்குது."

போனை வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வாசலில் அ.வின் மருமகள். "அத்தை கேக்கச் சொன்னாங்க, புக்கு வந்துடுச்சா?" வந்துவிட்டது என்றேன். வேறு என்ன சொல்வது.

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மாமியார், செத்துப்போனாள், இருந்தாலும். ஏகாம்பரம், கூழ் நாள் வரைக்கும் சேர்த்து. அ.வும். மூன்று பேரையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். அ. பொய் சொன்னாள், ஆனால் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் பொய் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று இனி ஒரே பெயர். சுருக்காமல், முழுசாக, அட்டையில் இருக்கிறபடியே:

ஏ. கனகவல்லி.