ரிவர்ஸுக்கு ஒரு மூச்சு

என் உம்மணாமூஞ்சிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டால் பதில் வரப்போவதில்லை, அதனால் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்கும் தெரியும். மகள்தான், "மனசுல இருக்கறத யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற, எழுதியாவது வைம்மா" என்றாள். துணி கட்டும் பழுப்புத் தாளில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். சிரிக்கிற முகமா அது.

சலவைக்கடை ஓடுகிறது. பெரிய மிஷின் பிழியும்போது இன்னும் நடந்து நடந்து கதவுப்பக்கம் வருகிறது. நீங்கள் முட்டுக்கொடுத்த கட்டை தேய்ந்துவிட்டது, வேறு வைத்தேன். மேட்டு ஓட்டல்காரர்கள் முன்போலவே விரிப்புகளும் தலையணை உறைகளும் தருகிறார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். ஆமாம், பிக்கப்பை நானே ஓட்டுகிறேன். இடது முழங்கால் மடங்காது என்று தேடித் தேடி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாக வாங்கினீர்களே, அது இப்போது எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டே பெடல். மூன்றாவது ஒன்று இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் நான் ஓட்டியிருக்க மாட்டேன்.

அந்த வண்டிக்குத்தான் வந்தது கேடு. போன வாரம் ஓட்டல் மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சம்பந்தி மாதிரி நின்றுவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே என் உயிரை எடுத்தான். பின்னாலேயே உருட்டி இறக்கி, சுற்றுவழியில் வீடு வந்தேன்.

மாப்பிள்ளை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கியர் பாக்ஸ் போச்சு அத்தை. புதுசு போட்டா வண்டி விலை வந்துடும். வித்துட்டு எங்களோட வந்துடுங்க, அந்தச் சின்ன ரூம் சும்மாத்தானே கிடக்கு" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணமில்லை. ஆனால் வண்டி போனால் ஓட்டல் துணி போகும், துணி போனால் கடை போகும். அப்புறம் அந்தச் சின்ன அறைக் கட்டிலில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடைசியாக உங்கள் கோழித்தூக்கத்திடம் போனேன். வண்டிக்கு அடியில் படுத்தால் கண்ணசந்துவிடுகிறார் என்று நீங்கள் பெயர் வைத்தீர்களே, அதே மெக்கானிக். "ஆயில் பாத்தியாக்கா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து நானும் வாராவாரம் அந்த நீளக் கம்பியை உருவித்தான் பார்க்கிறேன், கோட்டுக்கு மேலேயே நிற்கிறது என்றேன். எப்போது பார்ப்பாய் என்று கேட்டார். காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால் என்றேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் ஒண்ணாக்கா? இதை வண்டி ஓடிச் சூடானப்புறம், இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே, பார்க்கிங்ல போட்டுப் பாக்கணும். அணைச்சு வச்சா ஆயில் எல்லாம் கீழ இறங்கி நிறைய இருக்கற மாதிரி பொய் சொல்லும்" என்றார். ஓடவிட்டு அவரே உருவிக் காட்டினார். கம்பி நுனிதான் நனைந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நீங்கள் வாசலில் குனிந்து நிற்கும்போது, டீசல் என்ன மழையாகவா பெய்கிறது என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் உங்களுக்கு.

இன்னொன்று கேளுங்கள். அடியில் புகுந்து பார்த்துவிட்டு, ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் கசிவு, வண்டி நிற்கிற இடத்தில் சிவப்பாகச் சொட்டு விழுமே, பார்க்கவில்லையா என்றார். பார்த்தேன். தினமும் பார்த்தேன். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? சோடாப்பொடி போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தரை பளிச்சென்று இருக்கிறது, வண்டி செத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் கோழித்தூக்கம் அழுக்குத் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கம்பியில் இருந்த ஆயிலை ஒரு கிழிந்த தலையணை உறையில் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது, லேசாகத் தீய்ந்த வாடை. ஆனால் கரி இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோது அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகச் சேறு ஒட்டியிருந்தது, நம் உலர்த்தும் மிஷின் வலையில் படியும் பஞ்சு மாதிரி. "இது வயசுத் தேய்மானம், பயப்படாத. இரும்புத் துண்டு கிடந்திருந்தாதான் கதை முடிஞ்சிருக்கும்" என்றார். குழாயை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார்.

எல்லா ஆயிலையும் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றிவிடுங்களேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அடித்தட்டில் இருப்பது வந்தால் போதும், மற்றது உள்ளேயே கிடக்கட்டும், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றலாமாம். "இத்தன வருஷம் பழகினதை ஒரே நாள்ல உருவிட்டா இந்தக் கிழவி தாங்குவாளான்னு தெரியல" என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மகள் வந்து உங்கள் அலமாரியைத் திறந்தாள். யாருக்காவது உபயோகப்படட்டும் என்று சட்டைகளை மடித்துப் பையில் போட்டாள். நானும் கூட உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற நீலச் சட்டையில் கை வைத்தாள். அது இருக்கட்டும் என்றேன். "ஊர்த்துணியெல்லாம் வெளுக்கற, இத மட்டும் ஏம்மா துவைக்காம வச்சிருக்க?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. உங்கள் மகள் அல்லவா.

வண்டி இப்போது மேடு ஏறுகிறது. நேற்று முழுப் பாரத்தோடு ஏறினேன், முணுமுணுக்கவில்லை. கோழித்தூக்கம் பக்கத்தில் உட்கார்ந்து வந்து மாப்பிள்ளைக்கு அவரே போன் போட்டு, "வண்டி ஓடும் தம்பி, அத்தை ஓட்டுவாங்க" என்று சொல்லிவிட்டார். நீங்கள் கவலைப்படாதீர்கள். அங்கே முழங்கால் வலி இல்லாமல் நன்றாகக் காலை நீட்டித் தூங்குங்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. இறங்கும்போது அவர் சொன்னார், ரிவர்ஸ் போட்டதும் ஆக்சிலேட்டரை மிதித்துவிடாதே, ஒரு மூச்சு நேரம் பிரேக்கிலேயே நில், உள்ளே கியர் பிடிக்கிற சின்ன அதிர்வு தெரிந்த பிறகு வண்டியை எடு என்று. நீங்களும் தினமும் காலையில் ரிவர்ஸ் போட்டுவிட்டு அப்படித்தான் நிற்பீர்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்ணாடியில் உங்கள் கண் தெரியும். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான், பிறகு வண்டி நகரும். வாயால் சொல்லாததைக் கண்ணாடியில் சொல்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டு, அதற்காகவே ஈரக் கையைத் துடைத்துத் தலையை ஒதுக்கிக்கொண்டு வந்து நிற்பேன்.

சொல்லுங்கள், நீங்கள் நின்றது கியருக்காகவா, எனக்காகவா?