சகலையின் பூஜ்யம்

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பம் லேப்பில் கரண்ட் போய்ப் போய் வந்தது. விந்துப் பரிசோதனைக்கு மூன்று பேர். மூன்றும் பொய்ப்பெயர். கூடலூர்க்காரன் ஆண்டிபட்டிக்குப் போய்க் கொடுப்பான், ஆண்டிபட்டிக்காரன் இங்கே வருவான். விரை என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது. "நரம்புல கோளாறு சார்." விரையில் ரத்தநாளம் புடைப்பு, வேரிகோசீல். டாக்டர் சீட்டிலேயே இருக்கிறது. நரம்பாம்.

வீட்டில் சுதாவுக்கு அவள் அக்கா புருஷன் பேச்சுத்தான். என் சகலை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். இரண்டு பிள்ளை போதும் என்று தாமே போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"அக்காவுக்குக் கத்தி வேணாம்னு மாமாவே போய்ப் பண்ணிட்டு வந்தாக. எந்த ஆம்பள செய்வாக?"

விந்துக்குழாயில் சின்ன வெட்டு. கால் மணி நேர வேலை. இதற்கு இவ்வளவா! பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

நவ. 5

பால், பல்பு, அம்மா மாத்திரை. மறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை சுதாவுக்கு மதுரையில் கருக்குழாய் எக்ஸ்ரே. மருந்து ஏற்றி எடுப்பார்கள். "வலிக்குமா?" என்றாள். கொஞ்சம் என்றேன். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. ஸ்கேன், ரத்தம், ஊசி எல்லாம் அவளுக்கே. டாக்டரம்மா என் ரிப்போர்ட் கேட்டபோது, "எங்க லேப்லயே பாத்துட்டேன் மேடம், நார்மல், மோட்டிலிட்டி அறுபது" என்றேன். அணுக்களில் அறுபது சதவீதம் அசைகிறதாம். லேப்காரன் சொன்னால் யார் தாள் கேட்கிறார்கள்? உண்மையில் என்னுடையதை நான் பார்க்கவே இல்லை.

நவ. 6

சகலை விந்து டப்பாவோடு லேப்புக்கே வந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், சரிபார்க்க வேண்டுமாம். சொந்தப் பெயரையே, ஊரோடு, உரக்கச் சொன்னார்.

"என்ன சகல, கடைய மூடியாச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

மைக்ராஸ்கோப்பில் தகடு முழுக்க வெறுமை. மெஷினில் சுற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தேன். ஒரு விந்தணுகூட இல்லை. அசூஸ்பெர்மியா.

"ஒண்ணுகூடவா இல்ல? அப்பாடா! ஆபரேஷன் பண்ணதால தெம்பு போயி இனி மம்பட்டி பிடிக்க மாட்டேன்னு ஊர்ல பேசுறாய்ங்க. நான் பெட்டி பெட்டியா பழம் தூக்கிட்டிருக்கேன்."

அங்கேயே நின்று போனில் பெண்டாட்டியிடம் கத்தினார்: "ஏத்தா, சைபர்!" உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதே வார்த்தையைப் படித்துவிட்டு என் மேஜையில் தலை கவிழ்ந்தவர்கள் எத்தனை பேர். இந்த ஆளுக்கு மட்டும் அது பரிசு. சைபரைக்கூட இவரால் சந்தோஷமாக வாங்கிப் போக முடிகிறது. அவர் டப்பாவை நீட்டிவிட்டார். நான்?

நவ. 7

யாரும் வருவதற்கு முன் லேப்பில். என்னுடையது. அரை மணி நேரம் நீர்க்க விட்டேன். அணுக்கள் இருக்கின்றன, மிகக் குறைவு. அசைபவை அதிலும் குறைவு. தலை, வால் வடிவம் பார்க்கப் பொறுமை இல்லை. திரும்ப எண்ணினேன். அதேதான்.

சாயங்காலம் சுதா மதுரைக்குச் சேலை தேய்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே இப்போது வேண்டாம், குறை என்னிடம், என்றேன்.

"நார்மல்னு சொன்னீக?"

"பாக்காமச் சொன்னேன்."

தேய்ப்புப்பெட்டியை அணைத்தாள். பிறகு அதே சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

"கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கேன்."

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். மாமா வந்து கூட்டிட்டுப் போவாக."