வண்டிச் சாவி

ஞாயிறு, இரவு

அம்முக்குட்டி, இன்று உன் சித்தப்பா எங்களைத் தன் வேனில் பினாங்குக்குக் கூட்டிப்போனான். உனக்கு மூச்சு முட்டிய அன்று, "பிரேக் பிடிக்கல அண்ணி, மலை எறங்காது" என்றானே, அதே வேன். மறுநாள் காலையிலேயே அதில் கோபிஸ், அந்த முட்டைக்கோசு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் சந்தைக்குப் போனான். அதற்குள் நீ காய்கறி லாரியில், என் மடியிலேயே, தாப்பா ஆஸ்பத்திரி வருமுன் போய்விட்டாய்.

இன்று பாட்டுப் போட்டுக்கொண்டே மலை இறங்கினான். ஒரு வளைவில்கூட வண்டி முனகவில்லை. கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

"சாவியப் புடிங்க அண்ணி, தண்ணியில விழுந்துரும்" என்று கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைகளோடு அலையில் இறங்கினான். நான் பாறை மேல் ஏறி, எட்டினமட்டும் வீசினேன்.

திரும்பி வந்து கேட்டான். தொலைந்துவிட்டது என்றேன்.

"ஐயோ, இனி வீட்டுக்கு எப்படிப் போறது லா?"

"காத்திருங்க தம்பி. ஏதாச்சும் காய்கறி லாரி வரும்."

அவன் முகம் செத்துப்போயிற்று. சாவி செய்கிறவன் வரும்வரை வெயிலிலேயே நின்றான். என் பக்கம் திரும்பவேயில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. சாவி தண்ணீரில் விழுந்த சத்தம் உனக்குக் கேட்டதா, அம்மு?