தாய்மார் அறையின் சாவி

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பாதி பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துபோவாய், ஆகையால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் எது சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, ஆனால் அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. உன் அண்ணி பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி எங்கள் தையல் கம்பெனிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து பாப்பா பகலெல்லாம் அவர் பொறுப்பு. அண்ணனுக்கு லாரி ஓட்டம், வந்த நாள்தான் நாள். பாப்பா பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, அண்ணியின் பழைய நைட்டியை மேலே போர்த்திக்கொண்டு ஊட்டினார், அந்த வாசனைக்குக் குடித்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் தினமும் பூப்போட்ட நைட்டியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். சிலிண்டர் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாராம், கேட்டிருந்தா விளக்கமாவது சொல்லியிருப்பேன் என்று இன்னும் புலம்புகிறார்.

சிரிக்க இவ்வளவுதான் இருக்கிறது. நான் சூப்பர்வைசராக இருக்கிற லைனில்தான் அண்ணி காலர் தைக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். லைனில் ஒருத்தி எழுந்தால் அவள் முன்னால் துணிக்கட்டு குவிந்துவிடும், அடுத்தவள் கைக்கு வேலை வராது. அந்த அடுத்தவள் யாரென்றால் நாங்கள் கடுகு என்று கூப்பிடுகிறவள், ஆள் அரையடி, காரம் ஊருக்கே போதும். மாமியார் லைன்ல மருமக ராஜ்யம்தான் என்று காதுபடச் சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அந்தப் பேச்சுக்குப் பயந்து அண்ணி மார்பு கனத்தாலும் எழுந்திருக்க மாட்டாள், எனக்கும் எழுந்து போம்மா என்று சொல்ல வாய் வராது. தாய்மார் அறை இல்லை என்று நினைக்காதே, இருக்கிறது. நீலத் திரை, சோபா, சின்ன ஃப்ரிட்ஜ், சுவரில் சிரிக்கிற குழந்தைப் படம். ஆர்டர் கொடுக்கிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தால் திறந்து காட்டுவார்கள், மற்ற நாளெல்லாம் அழுக்காகக் கூடாது என்று பூட்டு. சோபாவுக்குக் கடையில் போட்ட பாலிதீன் உறையே இன்னும் கழற்றவில்லை, ஏட்டுச் சுரைக்காய்தான். சாவி மேனேஜர் டிராயரில். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் நின்று சாவி கேட்க வேண்டும், எதுக்கும்மா என்று அவர் வேறு கேட்பார். அதற்கு, தாங்க முடியாதபோது மட்டும் கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவதே மேல் என்று அண்ணி இருந்துவிட்டாள். அங்கே கொட்டின பாலுக்குத்தான் இங்கே பாப்பா அழுதது.

போன மாதம் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காலர் கோணலாக வந்ததைப் பார்த்துத் திட்டத்தான் போனேன், அவள் நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. மருத்துவரம்மா மாத்திரை கொடுத்து, நேரத்துக்கு எடுக்காவிட்டால் மறுபடி கட்டும், சுரப்பும் குறைந்துபோகும் என்றார். வீட்டுக்கு வந்து அண்ணி அழக்கூட இல்லை. வத்தட்டும் அத்தை, வத்திட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் பேச்சு இல்ல என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த அன்றே மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்டேன். ஆர்டர் கொடுக்கிறவங்க பார்க்க வர்றாங்கம்மா, அதுவரைக்கும் சுத்தமா இருக்கட்டும் என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நானே தூசி தட்டி வைக்கிறேன் சார் என்று வாங்கி வந்தவள்தான், திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் இன்னும் தூசி போகல சார் என்கிறேன். அண்ணி அறைக்குப் போகும்போது அவள் மிஷினில் நான் உட்கார்ந்தேன், முதுகு விட்டுப்போயிற்று. சில நாள் பார்த்துவிட்டுக் கடுகு என் தோளைத் தட்டி, நகருங்க, நீங்க தைக்கிற காலரைப் பிரிச்சே என் பொழுது போயிடுது என்றாள். இப்போது அந்த நேரத்துக்கு அவளே இரண்டு வேலையும் பார்க்கிறாள், வாய் மட்டும் நிற்கவில்லை. அண்ணி பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், பால் பழையபடி வரவில்லை, பாதிக்குப் பால்பொடிதான். இருந்தாலும் சாவி அண்ணி கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்குகிறது, யாரையும் கேட்காமல் எழுந்து போகிறாள். எனக்கு அது போதும்.

உனக்கு ஏன் இத்தனை எழுதுகிறேன் என்றால், நீயும் இப்போது என்னைப் போல சூப்பர்வைசர் ஆகிவிட்டாய். உன் பெட்டி கட்டும் பிரிவில் குழந்தை பெற்று வந்த பெண் ஒருத்தி அடிக்கடி காணாமல் போகிறாள், சொல்லிப் பார்த்தாச்சு, இனிமே வேலையை விட்டு நிறுத்திட வேண்டியதுதான் என்று போனில் சொன்னாய். அன்று களைப்பில் ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன், அந்த ம் இன்னும் என்னை உறுத்துகிறது. அவள் எங்கே போகிறாள் என்று நீ பார்த்திருக்க மாட்டாய். நான் சொல்கிறேன், கழிப்பறைக்குத்தான் போகிறாள். உன் மேல் கோபமில்லை கண்ணு, நானும் பக்கத்திலேயே இருந்து பார்க்காதவள்தான். கதவு சாத்துகிற ஓர் இடம் பார்த்துக் கொடு, அவள் போகிற நேரத்துக்கு அவள் இடத்தில் ஒரு ஆளை நிறுத்து, ஆளில்லை என்றால் நீ நில்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பா நைட்டியோடு இருந்தபடியே உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், என்னுடையது எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அந்த இடத்துச் சாவியை உன் டிராயரில் வைக்காதே, அவளிடம் கொடு. அடுத்த முறை நீ போன் செய்தால் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க மாட்டேன். அந்தப் பெண் வேலையில் இருக்கிறாளா என்றுதான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா